18 கிலோ கொழுந்தும் 50 லட்சம் அணுக்களும்

ஹட்டனில் ஏறிய நோர்வூட் பஸ், டிக்கோயாவைத் தாண்டி, தேயிலை மலைகளுக்கு இடையில் காசல்ரீ நீர்த்தேக்கம் துண்டு துண்டாகத் தெரியத் தொடங்கிய இடத்தில் எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து தோட்டத்துப் பாதை. மழைத் தண்ணீர் நடுவால் வாய்க்கால் பறித்துவிட்டுப் போன மண் பாதை. முன்னால் நடந்தவர் கொழும்பு புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர். அவருடைய அம்மாவுக்குச் சில வருடங்களாகப் பார்கின்சன் நோய். விஞ்ஞான விஷயங்களைப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி என்னைத் தேடிப் பிடித்திருந்தார்.

"அண்ணே, இத ஒருக்கா பாருங்க" என்று கைபேசியை நீட்டினார். வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றின் விளம்பரம். ஸ்டெம் செல் ஊசி மூன்று தடவை போட்டால் நடுக்கம் நின்றுவிடும், அதற்குப் பிறகு மாத்திரையே தேவைப்படாது என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்ட தொகைக்கு அம்மாவின் சேமலாப நிதி முழுவதையும் கொட்டினாலும் காணாது. இருக்கிற நகையை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கலாம் என்பது மகனின் கணக்கு.

"நீங்க வந்து அம்மாவப் பாத்துட்டுச் சொல்லுங்க. செய்யலாம்னா செஞ்சிருவோம்."

நான் வைத்தியன் இல்லை என்று சொல்லியும் அவர் விடவில்லை. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவில் இருந்து நரம்பணு வளர்த்து மூளைக்குள் வைக்கும் வேலை எங்கே, எந்த அளவில் நடக்கிறது என்று ஓரளவு எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. கைபேசியில் ஓடிய படம்தான் பொய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல, நோயாளி இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது என்று நினைத்தேன்.

லயத்தின் கடைசிக் காம்பிரா அவர்களுடையது. அம்மா இஸ்தோப்பில் நாற்காலியில் இருந்தார். வயது 58. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முகத்தில் அசைவு இல்லை, கண் இமைப்பதே குறைவு. வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று ஓயாமல் உரசிக்கொண்டிருந்தன. "வாங்க தம்பி" என்றார். உதடு அசைந்த அளவுக்குச் சத்தம் வரவில்லை. காலையில் போட்ட மாத்திரையின் வேகம் இறங்கி, பகல் மாத்திரைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்த வேளை அது.

எனக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டுமென்று எழுந்தார். வாசற்படி வரைக்கும் சின்னச் சின்ன அடியாக வந்தவர் அங்கே நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. பாதம் இரண்டும் நிலத்தில் ஒட்டிக்கொண்டன. மகன் ஓடிப்போய் இழுக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த மட்டக்கம்பை எடுத்து அம்மாவின் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டார். கொழுந்து எடுக்கும்போது தேயிலையின் மேல்மட்டம் ஒரே சீராக வர, செடிமேல் வைத்துப் பார்க்கும் நீளக் கம்புதான் மட்டக்கம்பு. அம்மா குனிந்து அதைப் பார்த்தார். காலைத் தூக்கித் தாண்டினார். அடுத்த அடியும் அதற்கடுத்ததும் தன்னால் வந்தன.

"இது யார் சொல்லித் தந்தது?"

"யாரும் சொல்லித் தரல்லண்ணே. ஒரு நா கம்பு கீழ விழுந்து கெடந்துச்சு. அதத் தாண்டி விறுவிறுன்னு போயிட்டாங்க."

பெரிய ஊர்களில் இயன்மருத்துவர்கள் இதையே தரையில் கோடு போட்டும், கைத்தடியில் இருந்து ஒளிக்கோடு விழ வைத்தும் செய்கிறார்கள். நினைக்காமலே நடக்க வைக்கும் மூளைச் சுற்று, டோபமின் என்ற இரசாயனம் இல்லாமல் தடுமாறுகிறது. கண்ணால் பார்த்து அடியெடுத்து வைக்கும் வழி வேறு. அது இன்னும் வேலை செய்கிறது. மட்டக்கம்பு அந்த இரண்டாவது வழியைத் திறந்துவிடுகிறது.

12 மணிக்கு மாத்திரை. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். பருப்பு, முட்டை, இறைச்சியில் உள்ள புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவுக்குப் போட்டி போடுகிறவை. மாத்திரை வேலை செய்யும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பேசியது பெரும்பாலும் அவருடைய கணவர்.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்தது தராசு. அந்தத் தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ 18 கிலோ கொழுந்து வேண்டும். அம்மா 20, 22 என்று சாதாரணமாக எடுக்கிற ஆள். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அது 18-க்கு இறங்கியது, பிறகு 16, 15. அரைப்பேர் விழத் தொடங்கியது. கொழுந்து மடுவத்தில் கங்காணி, "என்னா, கை அசையாம நிக்கிது? வயசாயிருச்சா, சோம்பலா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இடது கை வழமைபோல ஓடியது. வலது கை மட்டும் பின்தங்கியது. பார்கின்சன் அப்படித்தான், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். அந்தக் காலத்திலேயே தோளும் இறுகியது. தோள் வலி என்று தோட்டத்து மருந்துக் காம்பிராவில் தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். நடுக்கம் வந்தது அதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகு. கண்டியில் நரம்பியல் வைத்தியர் ஒருவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, நோயின் பெயரைச் சொன்னார்.

இரண்டு கையும் ஒரே வேகத்தில், விரல் நுனியால், நாள் முழுக்க ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழில் இது. அதைத் தினமும் மூன்று வேளை நிறுத்துப் புத்தகத்தில் எழுதியும் வைக்கிறார்கள். நரம்பியல் ஆய்வுக்கூடம் ஒன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத பதிவு. எந்தத் தோட்டமாவது அதை அந்தக் கண்ணால் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் இங்கேதான் இருக்கின்றன. மூளையில் உள்ள கோடிக்கணக்கான அணுக்களோடு ஒப்பிட்டால் இவை கொஞ்சம், சில லட்சம் மட்டுமே. இங்கிருந்து நீண்ட இழைகளை மேலே புட்டாமென் என்ற பகுதிக்கு அனுப்பி அசைவுகளை இதமாக ஓட வைக்கின்றன. இவற்றில் ஏறத்தாழப் பாதி செத்த பிறகுதான் கை பின்தங்குவது வெளியே தெரியும். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் நோயை விவரித்தது 1817-இல். டோபமின் குறைவதுதான் காரணம் என்று வியன்னாவில் ஹோர்னிகிவிச் காட்டியது 1960-இல். டோபமினை நேரே கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதன் மூலப்பொருளான லெவோடோபா போகும். 1967-இல் கோட்சியாஸ் அதை அதிக அளவில் வாயால் கொடுத்துப் பலன் காட்டியபோது, ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

இதில் எங்கள் மொழிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பக்கத்து லயத்தில் யாரோ பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று சொல்லி, அம்மாவுக்குக் கொஞ்ச நாள் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். சொன்னவர் முற்றிலும் தப்பாகச் சொல்லவில்லை. பூனைக்காலி விதையில் இருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தவர்கள் சென்னையில் இருந்த தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள். ஆண்டு 1937. பார்கின்சனுக்கு அது மருந்தாகும் என்று உலகம் அறிவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முந்திய வேலை. ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும். மாத்திரையும் போட்டு, பொடியும் குடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். அம்மாவுக்கு அந்த நாட்களில் கை கால் தன்பாட்டில் முறுகி ஆடியிருக்கிறது. மகன் பொடியை நிறுத்திவிட்டார். சரியான முடிவு.

12.40 இருக்கும். பேச்சுக்கு நடுவில் அம்மா சிரித்தார். அதுவரை அவர் சிரிப்பார் என்றே நான் நினைத்திருக்கவில்லை. விரல் உரசல் நின்றிருந்தது. எழுந்தார், மட்டக்கம்பு இல்லாமலே படியைத் தாண்டினார், இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து கிள்ளிக் காட்டினார். "இப்பப் போனா ஒரு பத்து கிலோ எடுத்துருவேன் தம்பி." குரலும் திரும்பியிருந்தது. இன்னும் இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு இப்படி. பிறகு மறுபடியும் நாற்காலி. ஆரம்பத்தில் ஒரு மாத்திரை அரை நாள் தாங்கியது என்றார்கள். மிச்சமிருக்கும் அணுக்கள் குறையக் குறைய, வந்த மருந்தைச் சேர்த்து வைத்து மெல்ல மெல்ல விட ஆள் இல்லாமல் போகிறது. மாத்திரை ஏறும்போது ஏறி, இறங்கும்போது உடம்பும் இறங்குகிறது.

அந்த ஆட்களை, அதாவது செத்துப்போன அணுக்களை, மூளையில் திரும்ப நட முடியுமா என்பதுதான் நான் முதலில் சொன்ன ஆய்வு முழுவதும். முதலில் துணிந்தது சுவீடன். 1987-இல் லுண்ட் நகரில், கருக்கலைப்பில் கிடைத்த சிசு மூளைத் திசுவில் இருந்து டோபமின் அணுக்களை எடுத்து நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். சிலருக்கு அது பல ஆண்டுகள் உயிரோடு இருந்து வேலை செய்தது. வேறு சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் 2001-இலும் 2003-இலும் வெளிவந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளில் மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. மருந்து இல்லாத வேளையிலும் உடம்பு தன்பாட்டில் ஆடும் தொல்லை சிலருக்கு வந்தது. ஒரு நோயாளிக்குப் பல சிசுக்களின் திசு தேவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தரம். அறத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அப்படி ஒரு மருந்தை உலகத்துக்குக் கொடுக்க முடியாது. ஒரே தரத்தில், வேண்டிய அளவு வளர்த்தெடுக்கக்கூடிய மூலம் வேண்டியிருந்தது.

பிற்பகலில் அம்மாவின் கணவர், ஐயா, என்னையும் மகனையும் நாற்றுமேடைக்குக் கூட்டிப்போனார். அவருக்கு இப்போது அங்கேதான் வேலை. நிழல் வலைக்குக் கீழே ஆயிரக்கணக்கான பொலித்தீன் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு இலையும் இரண்டு மூன்று விரற்கடைத் தண்டும். வீ.பி. தேயிலை என்பது இதுதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனங்கள் இப்படித்தான் மலைமலையாகப் பரவின. ஒரு நல்ல தாய்ச் செடியில் இருந்து வெட்டிய துண்டுகள், எல்லாம் அதே குணம். ஐயா ஒரு பையை நிமிர்த்தி, தண்டின் வெட்டு வாயைக் காட்டினார். தண்டாக இருந்த இடம் முதலில் தடித்து, பிறகு அதிலிருந்து வெள்ளை வேர் கிளம்பியிருந்தது.

மகனுக்கு நான் விளக்கியது இந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டுதான். செடியின் அணு தன் பழைய வேலையை மறந்து வேராக மாறும் என்று தோட்டக்காரருக்குத் தெரியும். விலங்குகளின் அணு அப்படித் திரும்பாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2006-இல் கியோட்டோவில் ஷின்யா யமனாகா எலியின் தோல் அணுவுக்குள் நான்கு மரபணுக்களைப் புகுத்தி, அதைப் பிறப்புக்கு முந்திய நிலைக்குத் திருப்பினார். அடுத்த வருடம் மனித அணுவிலும் நடந்தது. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு. ஐ.பி.எஸ். என்று சொல்லப்படும் இந்தக் குருத்தணுவை எந்த அணுவாகவும் வளர்க்கலாம். ஆனால் அதற்குச் சரியான வேதிச் சைகைகளைச் சரியான நாளில் கொடுக்க வேண்டும். முதலில் நரம்பின் பக்கம், அதற்குப் பிறகு நடுமூளையின் அடித்தளம், அங்கிருந்து டோபமின் அணு. ஒரு நாள் பிந்தினால், ஒரு மருந்தின் அளவு கூடினால், வேறு மூளைப் பகுதியின் அணுக்கள் வந்துவிடும்.

"களை மாதிரி வந்துருமா?" என்று ஐயா கேட்டார். அவர் நாற்றுமேடையில் தினமும் செய்வது அதுதான்: சூம்பியதையும் இனம் மாறியதையும் பொறுக்கி எறிவது. கியோட்டோவில் பேராசிரியர் ஜுன் தகஹாஷியின் குழு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வேண்டிய அணுக்களின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கோரின் என்ற புரதத்தைப் பிடித்து, அவற்றை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். மாறாமல் தப்பிய குருத்தணு ஒன்று உள்ளே போனால் கட்டியாக வளரலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, முற்றி வளர்ந்த நரம்பணுவை அவர்கள் வைப்பதில்லை. முற்றியது இடம் மாறினால் சாகும். பாதி வழியில் இருக்கும் இளம் அணுவை வைத்தால் அது மூளைக்குள் போய் முற்றி, தன் இழையை நீட்டிக்கொள்ளும். ஐயா தலையாட்டினார். இரண்டு வயதுக் கன்றைப் பிடுங்கி நட்டுப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு.

கியோட்டோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் முதல் நோயாளிக்கு அணு வைத்தது 2018-இல். மொத்தம் ஏழு பேர், 50 முதல் 69 வயது வரை. மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் இரண்டு பக்கத்துப் புட்டாமெனிலும் ஊசியால் வைத்தார்கள். குறைந்த அளவு பெற்றவர்களுக்குப் பக்கத்துக்கு 20 லட்சத்துக்குச் சற்று மேலே, அதிக அளவு பெற்றவர்களுக்கு 50 லட்சத்துக்குச் சற்று மேலே. அணுக்கள் ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் இருந்து வளர்த்தவை. அந்நியமான அணு என்பதால் உடம்பு எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ் மருந்தை 15 மாதம் கொடுத்தார்கள். முடிவு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. இரண்டு வருடத்தில் கட்டி எதுவும் இல்லை, பாரதூரமான பக்கவிளைவு இல்லை. பலன் அளந்த ஆறு பேரில் நால்வருக்கு, மருந்து இறங்கிய வேளையில் அசைவு முன்னேறியிருந்தது. டோபமின் தயாராகும் அளவைக் காட்டும் பெட் ஸ்கானில் புட்டாமெனில் சராசரி 44.7 சதவீத உயர்வு.

அதே நாளில் அதே இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது. நியூயோர்க் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் லோரன்ஸ் ஸ்டூடரும் விவியன் தபாரும் வளர்த்தெடுத்த அணுக்கள். மூலம் கருக் குருத்தணு. பின்னால் நிற்பது பேயர் குழுமத்தின் புளூராக் நிறுவனம். அமெரிக்காவிலும், நம்மவர்கள் நிறைந்த டொரன்டோவிலும் சேர்த்து 12 பேர். 18 மாதத்தில் அங்கேயும் பாதுகாப்பு நன்றாக இருந்தது. அதிக அளவு பெற்றவர்களின் அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் சராசரி 23 புள்ளி குறைந்தது. சுவீடன் லுண்டில் 2023 பெப்ரவரியில் மாலின் பார்மாரின் குழுவும் தங்கள் முதல் நோயாளிக்கு அணு வைத்தது.

நல்ல செய்திதான். ஆனால் ஏழும் பன்னிரண்டும் சின்ன எண்கள். இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க அணு வைக்காத குழு இல்லை. பார்கின்சன் நோயாளிக்கு நம்பிக்கையே டோபமினைக் கொஞ்சம் சுரக்க வைக்கும் என்பது நிறுவப்பட்ட விஷயம். அதனால்தான் புளூராக் இப்போது தொடங்கியிருக்கும் மூன்றாம் கட்ட ஆய்வில் நூறு பேரளவில் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு அணு வைக்காமல் போலி அறுவை மட்டும் செய்கிறார்கள். அதன் முடிவு வரும் வரை எவரும் "நிற்கும்" என்று சொல்ல முடியாது. அணு நன்றாகப் பிடித்தாலும் அது திருத்துவது டோபமின் சார்ந்த அசைவை. மணம் தெரியாமல் போனது, மலச்சிக்கல், தூக்கக் கேடு, பின்னால் வரக்கூடிய மறதி எல்லாம் மூளையின் வேறு இடங்களின் தொல்லை. அவை அப்படியே இருக்கும்.

நாற்றுமேடையில் இருந்து திரும்பும்போது ஐயா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். இளம் வயதில் அவர் இருபது வருடமளவு புல்லுக்கு மருந்து அடித்தவர். முதுகில் டாங்கி, வாயில் ஒரு துணி. கிரமொக்சோன் என்று அன்றைக்குச் சொன்ன பராகுவாட். "அதால வந்துச்சா தம்பி? நான் வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துட்டேனா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்தது இவ்வளவுதான். பராகுவாட் கையாண்டவர்களிடம் பார்கின்சன் கூடுதலாகக் காணப்படுகிறது என்று அமெரிக்க விவசாயிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதுதான் காரணம் என்று முடிவாக நிறுவப்படவில்லை. இந்த வீட்டில் மருந்து அடித்தவர் திடமாக இருக்கிறார், அடிக்காதவருக்கு நோய். ஒரு வீட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம் என்றேன். இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாகப் பராகுவாட்டை நிறுத்தியது. அதற்குக் காரணம் பார்கின்சன் இல்லை, அதைக் குடித்துச் செத்தவர்களின் தொகை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

அவருக்குச் சொல்லாத இன்னொரு கதையும் உண்டு. 1982-இல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் கள்ளமாகத் தயாரித்த போதைமருந்தை ஏற்றிக்கொண்டு ஒரே அடியாக உறைந்துபோனார்கள். முதிர்ந்த பார்கின்சனின் அத்தனை அடையாளமும் சில நாட்களில். அந்த மருந்தில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற பொருள் மூளையில் மாறி உருவாகும் நஞ்சு, பராகுவாட்டின் நெருங்கிய உறவுப் பொருள். களைக்கொல்லியாகவே ஒரு காலத்தில் சோதிக்கப்பட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான் குரங்குகளில் பார்கின்சனை உண்டாக்கிச் சிகிச்சைகளைச் சோதிக்க வழி பிறந்தது. மனிதருக்கு வைப்பதற்கு முன் கியோட்டோக் குழு தங்கள் அணுக்களைப் பரீட்சித்ததும் அப்படிப்பட்ட குரங்குகளில்தான். 2017-இல் அதை வெளியிட்டார்கள்.

மாலையில் இஸ்தோப்பில் இருந்து அந்த விளம்பரத்தைத் திரும்ப ஓட விட்டோம். எந்த அணு என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். கொழுப்பில் இருந்தும் எலும்பு மச்சையில் இருந்தும் எடுக்கிறார்களாம். அது டோபமின் நரம்பணுவாக மாறி மூளையில் உட்காராது. எங்கே போடுகிறார்கள்? கை நரம்பில். கியோட்டோவில் மண்டையோட்டைத் துளைத்தது விளையாட்டுக்கு இல்லையே! எவ்வளவு காசு? உண்மையான ஆய்வில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்குவது வழக்கமில்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எதற்கும் அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே குருத்தணு சிகிச்சை கொடுக்கக்கூடாது. மாத்திரையை நிறுத்தலாம் என்று அந்த வெள்ளைக் கோட்டு சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ வேணாம்ங்கிறீங்க."

"இது வேணாம். அது வரட்டும்."

"அது ஹட்டனுக்கு வருமா அண்ணே?"

ஜப்பானில் சுமிட்டோமோ பார்மா நிறுவனம் 2025 ஓகஸ்டில் கியோட்டோ அணுக்களுக்கு விற்பனை அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. அனுமதி என்பது ஒரு படி. அணுவை உறையாமலோ உறைய வைத்தோ கொண்டுவர வேண்டும், மூளையில் மில்லிமீட்டர் கணக்கில் குறிபார்த்து வைக்கும் அறுவைக்கூடம் வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் அதைக் கண்காணிக்க இரத்தப் பரிசோதனையும் வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் கட்டிய வைத்தியசாலையை 2017 மே 12-இல் நரேந்திர மோடி திறந்து வைத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அதைக் கடந்துதான் வந்தேன். ஆனால் அம்மாவின் கிளினிக் இன்னும் கண்டியில்தான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில், மாத்திரை இறங்கிய உடம்போடு பஸ்ஸில் போய்வருவது ஒரு முழு நாள் வேலை. சில மாதம் மகனுக்கு லீவு கிடைக்காமல் கிளினிக் தவறிப்போகிறது. மருந்து தீர்ந்துபோனால் ஹட்டன் பாமசிகளில் காசுக்கு வாங்குகிறார்கள். 2022-இல் நாடு மருந்தில்லாமல் நின்றபோது ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துச் சமாளித்திருக்கிறார்கள். 50 லட்சம் அணுக்கள் பற்றி இந்த மலையில் பேசுவதற்கு முன்னால், ஒரு நாளைக்கு நாலு மாத்திரை தடையில்லாமல் கிடைப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தோட்டங்களில் இதை வாசிக்கிறவர்களுக்கு: ஒரு கை மட்டும் மெதுவாகி, கொழுந்து நிறுவை மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால், மணம் தெரியாமல் போனால், தோள் காரணமில்லாமல் இறுகினால், தைலத்தோடு நிற்காமல் நரம்பியல் கிளினிக் ஒன்றுக்குப் போங்கள். நிறுவைச் சிட்டைகள் கையில் இருந்தால் அவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் யார் சொன்னாலும் அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்; உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். நகையை விற்கச் சொல்லும் எந்தக் குருத்தணு ஊசியும் இன்றைய தேதியில் பார்கின்சனுக்கு மருந்து இல்லை.